ஐந்து கிலோ கறுப்பு

சொந்த ஊருக்குப் போய் வந்ததைப் பயணம் என்று யாரும் எழுதுவதில்லை. செஞ்சியைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்து, மலை ஏறி இறங்கி, இளநீர் குடித்துவிட்டுப் போனவர்கள். நான் தளவானூர் பக்கத்தில் பிறந்தவள். செஞ்சியில் பள்ளிக்கூடம் படித்தவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். இப்போது ஸ்காட்லாந்தில் ஒரு சின்னக் கம்பளி மில்லில் வேலை பார்க்கிறேன். மாசி மாதம் பத்து நாள் ஊருக்குப் போனேன். போனது ஒரு வேலையாக. அதனால் இதைப் பயணம் என்றே எழுதுகிறேன்.

எங்கள் மில்லில், வீட்டில் ராட்டை வைத்து நூற்கிறவர்களுக்காகக் கம்பளி தயாரிக்கிறோம். கையால் சாயம் ஏற்றிய பல நிற மயிரைச் சீவிக் கலந்து, சுருட்டிக் கொடுப்போம். நூற்கும்போது ஒரே இழையில் நாலைந்து நிறம் ஓடும். வருகிற பருவத்துக்கு ஆறு கலவைகள். ஐந்து முடிவாகிவிட்டன. ஆறாவதுக்கு எங்கள் பக்கத்துக் குறும்பாட்டின் கறுப்பு மயிரைச் சொன்னேன். முதலாளி மோரக் சிரித்தார்.

“இந்தியக் கம்பளி தரைவிரிப்புக்குத்தான் ஆகும். அதைப் போய் யார் கையில் எடுத்து நூற்பார்கள்?”

“நூற்பார்கள்” என்றேன்.

“சரி. ஐந்து கிலோ கலந்து கொண்டுவா. நூற்கிறவர்கள் கூடுகிற சனிக்கிழமை அவர்கள் கையில் கொடுப்போம். பிடித்தால் ஆறாவது இடம் உன்னுடையது. பிடிக்காவிட்டால் இந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது.”

கழுவாத ஆட்டு மயிரை அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். கழுவுவது, சாயம் போடுவது, சீவுவது எல்லாம் ஊரிலேயே முடிய வேண்டும். அதனால் என் சொந்தச் சீவும் மிஷினைத் துணிகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினேன். கூடவே மில்லில் வாங்கிய மெல்லிய வெள்ளைக் கம்பளி இரண்டு கிலோ, சின்னச் சின்ன டப்பாக்களில் சாயப்பொடி.

மயிர் என்று எழுதுவதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் ரோமம் என்று படித்துக்கொள்ளலாம். ஆடு வளர்ப்பவர்கள் மயிர் என்றுதான் சொல்கிறார்கள்.

சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேஜை மேல் வைக்கிற அளவு மிஷின் அது. ஒரு சின்ன உருளை, ஒரு பெரிய உருளை, இரண்டின் மேலும் நெருக்கமாகக் கம்பிப் பற்கள், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதிகாரி அம்மா விரலை நீட்டி உடனே இழுத்துக்கொண்டார்.

“என்னம்மா இது, கரும்பு ஜூஸ் மிஷினா?”

“கம்பளி சீவுற மிஷின் மேடம். சின்ன உருளை இழுத்துக் கொடுக்கும், பெருசுல படியும்.”

“அதுக்கு வெளிநாட்டுலேருந்தா தூக்கிட்டு வருவாங்க? ஊர்ல சீப்பு இல்லையா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றிக் காட்டினேன். போகச் சொல்லிவிட்டார்.

செஞ்சி பஸ்ஸில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் டிக்கியில் போடச் சொன்னார், நான் மாட்டேன் என்றேன். திண்டிவனம் வரை அவர் என்னை முறைத்துக்கொண்டே வந்தார். பக்கத்து சீட் அம்மா, மிஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணம் ஆகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். ஆகவில்லை என்றதும், “அதான் மிஷின மடில வச்சிக்கினு போற” என்றார். இறங்கும்போது ஸ்காட்லாந்துப் பழக்கத்தில் கண்டக்டரிடம் “ரொம்ப நன்றிங்க” என்றேன். அங்கே ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். செஞ்சி கண்டக்டர் படியில் நின்று, “இன்னாம்மா, கிண்டலா?” என்றார்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்கார ஜோடி புத்தகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தது. “கோட்டையைத் தவிர இந்த ஊரில் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் போதும்” என்றான் அவன். நான் அவன் பேசிய ஆங்கிலத்திலேயே, “எனக்குப் பதினெட்டு வருஷம் தேவைப்பட்டது” என்று சொல்லிவிட்டு இட்லியும் வடகறியும் சாப்பிடப் போனேன். எட்டு மாதமாக மதியத்தில் குளிர்ந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றவளுக்கு அந்த வடகறி எப்படி இருந்தது என்று எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

இரண்டாம் நாள் அவலூர்பேட்டைக்குப் போனேன். கன்னியப்பன் அண்ணன் அந்தப் பக்கம்தான் ஆடு வைத்திருக்கிறார். போனிலேயே பேசி வைத்திருந்ததால் பாதி மந்தைக்கு மயிர் வெட்டி, உரச் சாக்கு இரண்டில் திணித்து வைத்திருந்தார். ஒரு ஆட்டில் அரைக் கிலோகூடத் தேறாது.

“இத வச்சி இன்னா பண்ணுவ ரேவதி?”

“நூலு நூத்து சட்ட பின்னுவாங்கண்ணே.”

“யாரு, வெள்ளக்காரனா? இது குத்துமே.”

“குத்தட்டும்.”

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தார். சாக்குகளோடு ஆட்டோவில் திரும்பும்போது டிரைவர் வழி முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் ஓட்டினார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஊறவைத்தேன். கம்பளி கழுவுவதில் ஒரே விதி, அதை அசைக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்புக் கரைசல் விட்டு, மயிரைப் போட்டு, அழுக்கு தானாக இறங்கும் வரை கை வைக்காமல் இருக்க வேண்டும். ஒரு சாக்கை இரண்டு அன்னக்கூடையில், அதாவது அகன்ற அலுமினியப் பாத்திரத்தில், ஊறப் போட்டுவிட்டு, சாயம் காய்ச்சப் பாத்திரம் வாங்க செஞ்சிக்குப் போனேன்.

கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடையில் பெரிய எவர்சில்வர் குண்டான் கேட்டேன்.

“இன்னா விசேஷம்? எத்தினி பேரு?”

“விசேஷம் இல்ல. சாயம் காச்ச.”

கடைக்காரர் எடுத்த குண்டானைத் திரும்ப மேலே வைத்துவிட்டார். “சோறு ஆக்குற பாத்திரம்மா. நாளைக்குப் பிரியாணி செவப்பா வந்தா என்னத்தான் அடிப்பாங்க.” அவர் சொன்னது நியாயம். பஜாரில் அலைந்து புதிதாகவே ஒன்று வாங்கினேன். நாலு பாட்டில் வினிகரும் வாங்கினேன். புளிப்பு இல்லாமல் அந்தச் சாயம் பிடிக்காது.

திரும்பி வந்தபோது அம்மா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈரப் புடவையோடு நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எப்டி வெளுத்துட்டேன் பாரு. நீ போட்ட தண்ணில சும்மா ஊறிக்கினு கெடந்துச்சி. ரெண்டு அடி அடிச்சாதான அழுக்கு போவும்?”

கொடிக் கயிற்றில் கறுப்பாக ஏதோ தொங்கியது. கம்பளி இழைக்குக் கண்ணுக்குத் தெரியாத செதில் உண்டு. சோப்புத் தண்ணீரில் அடித்துக் கசக்கினால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். பிறகு எந்த மிஷினாலும் பிரிக்க முடியாது. ஒரு சாக்கு மயிர் முழுவதும் விரல் தடிமனுக்கு அட்டையாகிவிட்டிருந்தது. தட்டினால் சத்தம் வந்தது.

நான் கத்திவிட்டேன். எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தது இதற்காகவா, கை வைக்காதே என்று சொன்னேனா இல்லையா, எல்லாம் கத்தினேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் கையைப் பார்த்தேன். அடித்து அடித்துச் சிவந்திருந்தது. எனக்கிருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் பன்னிரண்டு வருஷம் அதே கல்லில் அடித்து வெளுத்துத்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினாள். அழுக்கு என்றால் அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

சாயங்காலம் நைனா, என் அப்பா, சித்தாள் வேலை முடிந்து வந்தார். அட்டையைத் தட்டிப் பார்த்தார். ஒரு துண்டை வெட்டித் தன் மொபெட் சீட்டில் போட்டுக்கொண்டு, “சூப்பரா கீது” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மீதி இருந்த சாக்கில் மண்ணும் அழுக்கும் போனால் பாதிதான் நிற்கும். வெள்ளையைச் சேர்த்தாலும் ஐந்து கிலோ வராது. கன்னியப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். மீதி மந்தை இன்னும் வெட்டாமல்தான் இருக்கிறதாம். ஆனால் மந்தை இப்போது அவலூர்பேட்டையில் இல்லை. அன்று காலையில்தான் எங்கள் ஊருக்கே ஓட்டி வந்திருக்கிறார். ஊரில் அதிக நிலம் வைத்திருக்கிற பெரிய வீட்டுக்காரர் நிலத்தில் கிடை போட்டிருக்கிறாராம்.

கிடை என்பது, அறுப்பு முடிந்த நிலத்தில் இரவு முழுக்க ஆடுகளை அடைத்து வைப்பது. புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எரு. அதற்காக நிலத்துக்காரர்கள் ஆட்டுக்காரரை அழைத்து வருவார்கள். பெரிய வீட்டுக்காரர் நிலத்தில் அம்மா இருபது வருஷம் நாற்று நட்டாள், மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுத்தாள். நான் சம்பாதிக்க ஆரம்பித்த வருஷம் வேலையை விட்டு நின்றாள்.

நான்காம் நாள் காலையில் அந்த நிலத்துக்குப் போனேன். வரப்பில் பைக்கை நிறுத்திவிட்டுப் பெரிய வீட்டுக்காரர் ஆடுகளை எண்ணுவது போல நின்றிருந்தார். எங்கள் தெருவில் எல்லோரும் அவரை, எஜமானே என்கிற பொருளில், ஆண்டே என்பார்கள். நான் சார் என்றேன். பேங்க்கில் இருப்பவரையும் நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

“யாரு, பச்சையம்மா பொண்ணா? லண்டன்ல கீறன்னு சொன்னாங்க.”

“ஸ்காட்லாந்து, சார்.”

“எல்லாம் ஒண்ணுதான். இன்னா வோணும்?”

“கன்னியப்பண்ணன் ஆட்டுல கொஞ்சம் மயிர் வெட்டிக்கணும்.”

“படிச்சிட்டு வெளிநாடு போயி கடசீல ஆட்டு மயிருக்கு வந்து நிக்கற.” சிரித்தார். “கிடை என் நெலத்துல கெடக்குது. கெடக்கற வரைக்கும் ஆட்டுலேருந்து எது விழுந்தாலும் அது நெலத்துக்கு. அதான் வழக்கம். கேளு அவன.”

கன்னியப்பன் அண்ணன் தரையைப் பார்த்தார்.

“எரு உங்களுதுதான் சார். மயிருமா?”

“மயிரும் எருதான்.”

அதில் பொய் இல்லை. எங்கள் மில்லிலும் கழிவுக் கம்பளியைத் தோட்டக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் அவர் மண்ணைப் பற்றிப் பேசவில்லை என்பது அடுத்த பேச்சில் தெரிந்தது.

“வோணும்னா எடுத்துக்கோ. நான் ஒண்ணும் தடுக்கல. உங்கம்மாவ ரெண்டு நாளு மல்லாட்டைக்குக் கள எடுக்க வரச் சொல்லு. அவ கை பட்டா ஒரு கோர நிக்காது. இப்ப இருக்கறவளுங்க பாதிய பிடுங்கறாளுங்க, பாதிய மிதிக்கறாளுங்க.”

“அம்மா வரமாட்டாங்க சார்.”

“அவ சொன்னாளா?”

“நான் சொல்றேன்.”

திரும்பி நடந்தேன். வரப்பு முழுக்கத் தலையை நிமிர்த்தி நடந்தேன். ஒரு இடத்தில் சேற்றில் கால் வைத்துச் செருப்பை விட்டேன். அதை எடுக்கக் குனியவும் இல்லை. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன்.

அம்மா அடுப்பில் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வரமாட்டாங்கன்னு நீ யாருடி சொல்றது?”

“பின்ன போவியா நீ?”

“போவேனோ மாட்டேனோ. அவரு என்ன கேக்கல, உன்ன கேட்டாரு. நீயும் என்ன கேக்கல, அவருக்குப் பதிலு சொல்லிட்டு வந்துட்ட. கள எடுக்கறது என் முதுவு, என் கை. ரெண்டு பேரும் நெலத்துல நின்னுக்கினு பேசி முடிச்சிட்டீங்களா?”

 ஆங்கிலத்தில் எனக்கு வாய் அதிகம் என்று மோரக் சொல்வார். தமிழில், அம்மாவிடம், அன்று ஒரு சொல் வரவில்லை.

“மூட்டைய கெடுத்தது நானு” என்றாள். “ரெண்டு நாளுதான். போயிட்டு வந்தா தீந்துச்சி.”

“வேணாம்மா. மயிரு வரலைன்னா வரல. அந்த ஆறாவது எடமே எனக்கு வேணாம்.”

“எதுக்கு வேணாம்? இவ்ளோ தூரம் தூக்கிக்கினு வந்துட்டு?”

குழம்பு கொதித்தது. அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். எனக்குச் சோறு போட்டாள். நான் பாதி சாப்பிட்டிருந்தேன். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

“கிடை எப்போ?”

“ராத்திரிக்கு.”

“பகல்ல ஆடு எங்க நிக்கும்?”

“மேயப் போவும்.”

“எங்க மேயும்? ஏரி உள்வாய்லதான் புல்லு கெடக்குது. ஏரி யாரு வூட்டு நெலம்?”

நான் அவளைப் பார்த்தேன்.

“கிடைல விழுந்தா அவருக்கு. ஏரில விழுந்தா?” என்றாள். “களைக்கும் போவல, மயிரும் வுடல. சாப்புடு. ஆறுது.”

ஐந்தாம் நாள் நாங்கள் மூன்று பேரும் ஏரியின் உள்வாய்க்கு, தண்ணீர் வற்றிப் புல் முளைத்த பக்கத்துக்கு, போனோம். நைனா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். கன்னியப்பன் அண்ணனுக்கு முதலில் தயக்கம். நிலத்துக்காரரைப் பகைத்தால் அடுத்த வருஷம் கிடைக்கு அழைக்கமாட்டார். அம்மா அவரிடம் கெஞ்சவில்லை.

“இன்னா கன்னியப்பா, பகல்ல உன் ஆட்ட நீ எங்க வச்சி இன்னா பண்ணணும்னு ஒருத்தரக் கேக்கணுமா?”

“கேக்கத் தேவையில்ல யக்கா.”

“பின்ன கத்திரிய எடு.”

ஆட்டைத் தண்ணீரில் இறக்கி ஒரு அலசு அலசினோம். வெயிலில் உலரவிட்டுப் படுக்கவைத்து வெட்டினோம். நைனா காலைப் பிடித்தார். கன்னியப்பன் அண்ணன் வெட்டினார். அம்மாவும் நானும் நீள மயிரையும் குட்டை மயிரையும் பிரித்தோம். எங்கள் மில்லுக்குப் பக்கத்தில் ஆட்டைப் பிடித்து மின்சாரக் கத்தியால் இரண்டு நிமிஷத்தில் உரித்துவிடுவார்கள். இங்கே ஒரு ஆட்டுக்கு அரை மணி நேரம். வெட்டி விட்ட ஆடு எழுந்து தன்னையே அடையாளம் தெரியாமல் நிற்கும். மற்ற ஆடுகள் அதைச் சுற்றி வந்து மோந்து பார்க்கும். நைனா ஒவ்வொன்றையும், “போ, கல்யாண மாப்ள” என்று தட்டி அனுப்பினார்.

மதியத்துக்கு மேல் கரையில் பைக் சத்தம் கேட்டது. பெரிய வீட்டுக்காரர் மேலேயே நின்று பார்த்தார்.

“இன்னா கன்னியப்பா, இது இன்னா வேல?”

கன்னியப்பன் அண்ணன் கத்திரியை நிறுத்தவில்லை. “ஏரிலதான் வெட்டறேன். உங்க நெலத்துல ஒரு முடி விழல.”

“கிடைய எடுத்துடச் சொன்னா இன்னா பண்ணுவ?”

“எடுத்துக்கினு போறேன். உங்க கீழக் கொல்லைல இன்னும் கிடையே போடல. பரவால்லியா?”

அவர் அம்மாவைப் பார்த்தார். “பச்சையம்மா, உன் பொண்ணு பெரிய ஆளாய்ட்டா போலக்கீது.”

அம்மா தலையைத் தூக்கவில்லை. மடியில் இருந்த மயிரிலிருந்து நெருஞ்சி முள் ஒன்றைப் பிடுங்கி எறிந்தாள். “அத அவளயே கேளுங்க. எனக்கு வேல இருக்குது” என்றாள்.

பைக் போய்விட்டது. கிடை அன்றிரவும் அதே நிலத்தில்தான் கிடந்தது.

ஆறாம் நாள் கழுவினோம். இந்த முறை அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அன்னக்கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அடிக்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தாலே தெரிந்தது. “இது கழுவறதே இல்ல, வேடிக்க பாக்கறது” என்றாள். ஆனால் தண்ணீர் தானாகக் கறுத்து இறங்கியபோது குனிந்து பார்த்து, “அட” என்றாள்.

கறுப்பில் சாயம் ஏறாது. நிறம் எல்லாம் நான் கொண்டுவந்த வெள்ளையில்தான். புதுக் குண்டானில் வினிகரும் சாயப்பொடியும் கலந்து மூன்று முறை காய்ச்சினேன். ஒன்று கனகாம்பரம். ஒன்று, மழை நின்ற பிறகு எங்கள் பக்கத்துப் பாறைகளில் வழிகிற துருச் சிவப்பு. ஒன்று கிளிப்பச்சை, அது கொஞ்சம் போதும். தெருவே வந்து பார்த்தது. “தல சீவுற மிஷின் எங்க?” என்று கேட்டார்கள். “ஆட்டுக்குத் தல சீவவா அவ்ளோ தூரம் போயி படிச்ச?” என்றாள் எதிர்வீட்டு அக்கா. “ஆமாம்” என்றேன். “உனக்கும் சீவட்டுமா?”

ஏழாம் நாள் காலையில் மிஷினைக் கட்டில் சட்டத்தில் இறுக்கினேன். முதல் முயற்சி கெட்டுப்போனது. முரட்டுக் கறுப்போடு மெல்லிய கனகாம்பரத்தை நேராக ஊட்டினேன். மெல்லியது சின்ன உருளையிலேயே சுற்றிக்கொண்டு, கடுகு கடுகாக முடிச்சு விழுந்தது. இரண்டாவது முறை முடிச்சு விழவில்லை. ஆனால் மூன்று தடவை சீவியதில் கறுப்பு நிறத்தை எல்லாம் விழுங்கிவிட்டது. வந்தது வெறும் காப்பிப்பொடி நிறம். அம்மா பார்த்துவிட்டு, “இதுக்கு எதுக்கு அவ்ளோ சாயம்?” என்றாள்.

பிறகுதான் வழி பிடிபட்டது. கறுப்பையும் துருச் சிவப்பையும் முதலில் தனியாக இரண்டு தடவை சீவி மெத்தையாக்க வேண்டும். மூன்றாவது தடவையில் மட்டும் கனகாம்பரத்தைச் சிலந்தி நூல் மாதிரி பிரித்து, இரண்டு கறுப்புக்கு நடுவில் வைத்து மெதுவாக ஊட்ட வேண்டும். பச்சை, கடைசிச் சுற்றில் ஒரு சிட்டிகை. உருளை நிறைந்ததும் பல் இல்லாத கோட்டில் கம்பியைக் கொடுத்துத் தூக்கினால், முழுசாகப் பிரிந்து வரும். சுருட்டினால் சின்னப் பாய் மாதிரி இருக்கும். அம்மா அதற்குப் பாய் என்றே பெயர் வைத்தாள். ஒரு பாய் ஐம்பது கிராம். நூறு பாய் வேண்டும்.

அம்மா கைப்பிடியைப் பிடித்தால் அரவை மிஷின் வேகத்தில் சுற்றினாள். மயிர் பறந்தது. “மெதுவாம்மா.” “மெதுவா சுத்துனா எப்போ முடியும்?” “வேகமா சுத்துனா முடியவே முடியாது.” ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய உட்கார்ந்திருந்தோம். கரன்ட் போனது, வந்தது. எங்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நாற்பதாவது பாய்க்கு மேல் அம்மாவின் கை வேகம் தானாகத் தணிந்தது. அறுபதாவதில், கனகாம்பரம் வைக்கிற இடத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, “நீ நெறைய வைக்கிற. எட்டிப் பாத்தாப் போதும்” என்றாள். அவள் வைத்த பாயையும் நான் வைத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவளுடையதுதான் நன்றாக இருந்தது. கறுப்புக்குள்ளிருந்து நிறம் எங்கே வருகிறது என்று தெரியாமல் வந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் நூறு முடிந்தது. பெட்டியில் மிஷினும் நூறு பாயும் சேர்ந்து அடங்கவில்லை. நைனா பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் அடங்கவில்லை. மிஷினை வெளியே எடுத்து வைத்தேன். அம்மா அதை ஒரு பழைய புடவையால் மூடினாள்.

திரும்பும் வழியில் சொல்வதற்கு ஒன்றும் நடக்கவில்லை. விமானத்தில் கொடுத்த உப்புமா உப்புமா இல்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை மில்லின் மேல் மாடியில் எட்டு பேர் ராட்டையோடு வந்திருந்தார்கள். வெளியே பக்கவாட்டில் மழை அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாய் கொடுத்தேன். தபால் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, பெரிய கைகள் அவருக்கு, பாயை நீளவாக்கில் கிழித்து நூற்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து நூலைக் கழுத்தில் தேய்த்துப் பார்த்தார்.

“குத்துகிறது” என்றார். மோரக் என்னைப் பார்த்தார்.

“குத்தும்” என்றேன். “இது கழுத்துக்கு இல்லை. இந்த மழைக்கு மேலே போட்டுக்கொள்ள.”

அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். மறுபடி நூற்க ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக் கருத்துச் சொல்வதுதான் அங்கே வழக்கம். அவர் நிறுத்தவில்லை. பாய் தீர்ந்ததும் தலையைத் தூக்காமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். இன்னொன்று கொடுத்தேன். மற்ற ஏழு பேரில் இரண்டு பேருக்குப் பிடிக்கவில்லை. ஐந்து பேர் கையை நீட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் மோரக் தன் நோட்டைத் திறந்தார். “ஆறாவது இடம் உன்னுடையது. நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இருபது கிலோ வேண்டும். உன் மிஷினை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தாயாமே, யார் சீவுவார்கள்?”

“அம்மாவால் முடியும். என்னைவிட நன்றாகவே வரும்.”

“நல்லது. செப்டம்பருக்குள் இருபது கிலோ, உன் அம்மா. எழுதிக்கொள்ளவா?” பேனா ஏற்கெனவே தாளில் இருந்தது.

“எழுதாதீர்கள்” என்றேன். “அவளால் முடியும் என்றுதான் சொன்னேன். செய்வாள் என்று சொல்லவில்லை.”

“நீ மகள். உனக்குத் தெரியாதா?”

“தெரியாது.”

போனை எடுத்தேன். அம்மாவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, மேஜையில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். மோரக் பேனாவை மூடினார். மணி அடிக்க ஆரம்பித்தது.